புல்தரைக்கும் தடைக்காலம் உண்டா?

உவரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டி, முன்னால் 5 சென்ட்டில் புல் போட்டிருக்கிறேன். ஃபுளோரிடாவில் இருக்கிற அத்தான் லீவுக்கு வந்தவர், அவர்கள் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை புல்லுக்கு உரம் போடக் கூடாது, போட்டால் அபராதம் என்கிறார். கடல் கெட்டுப்போகுமாம். நம்ம ஊரில் அப்படி ஏதாவது சட்டம் இருக்கிறதா? நானும் அந்த நாலு மாசம் நிறுத்த வேண்டுமா? செப்டம்பர் முடியப்போகிறது. மழைக்கு முன்னால் ஒரு தடவை வீசிவிடலாம் என்று தோட்டக்காரர் யூரியாவோடு நிற்கிறார்."

முதலில் தோட்டக்காரரை நிற்கச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சட்டம் இருக்கிறதா என்றால், இல்லை. நம்மிடம் இருக்கிற 1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணை, உரத்தின் தரம், விலை, யார் விற்கலாம் என்பதையெல்லாம் பார்க்கும். எந்த மாதத்தில் போடலாம், தண்ணீரிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போடலாம் என்று அது கேட்காது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வீடு கட்டுவதைப் பற்றிப் பேசும், உங்கள் புல்லைப் பற்றிப் பேசாது. ஒரு விஷயம் மட்டும் உண்டு. மானிய யூரியா விவசாயத்துக்கு என்றே வருவது. கடையில் விரல் ரேகை வைத்து, மெஷினில் பில் போட்டு மூட்டையைக் கொடுப்பது அதற்காகத்தான். உங்கள் தோட்டக்காரர் கையில் இருப்பது யார் பெயரில் வாங்கியது என்று கேட்டுப் பாருங்கள். பதில் கொஞ்சம் இழுவையாக வரும்.

அத்தான் சொன்னது உண்மைதான். ஆனால் அது அமெரிக்கா முழுக்க இருக்கிற சட்டமும் இல்லை, ஃபுளோரிடா மாநிலம் முழுக்க இருக்கிற சட்டமும் இல்லை. அங்கே கவுன்டி என்பது நம்ம மாவட்ட ஊராட்சி மாதிரி ஒரு உள்ளாட்சி. மேற்குக் கரையில் சாரசோட்டா கவுன்டி 2007-ல் இந்த விதியைப் போட்டது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை தழைச்சத்தோ (நைட்ரஜன்) மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) உள்ள எந்த உரமும் புல்லுக்குக் கூடாது. 2009-ல் மாநில அரசு மாதிரி விதி ஒன்றை எழுதிக் கொடுத்தது. அதே கரையில் இருக்கிற பினெல்லஸ் கவுன்டி 2010-ல் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த நாலு மாசம் கடையில் விற்கவும் கூடாது என்றது. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். வீடு வீடாகப் போய் யார் உரம் போடுகிறார் என்று எந்த அதிகாரியால் பார்க்க முடியும்? கடை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மாதக் கணக்கு தவிர இன்னும் சில விதிகளும் உண்டு. வாய்க்கால், குளம், கடல் ஓரத்தில் 10 அடிக்கு உரமே விழக் கூடாது. தழைச்சத்தில் குறைந்தது பாதி மெல்லக் கரைகிற வகையாக இருக்க வேண்டும். மண் பரிசோதனையில் குறை என்று வந்தால் ஒழிய மணிச்சத்து போடக் கூடாது. சிமெண்ட் தரையில் சிந்தினால் கூட்டி அள்ள வேண்டும். வெட்டிய புல்லைத் தெருவிலோ வாறுகாலிலோ தள்ளக் கூடாது. ஊருக்கு ஊர் அளவு கொஞ்சம் மாறும், சாரம் இதுதான்.

சரி, ஏன் ஜூன் முதல் செப்டம்பர்? அது அவர்கள் மழைக்காலம். வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அந்த நாலு மாசத்தில்தான் கொட்டும். இப்போது உவரியை நினைத்துப் பாருங்கள். ஜூன், ஜூலையில் உங்கள் ஊரில் என்ன இருக்கும்? காற்று. தேரி மணலைக் கிளப்பிக் கண்ணில் போடுகிற காற்று. மேற்கே குற்றாலத்தில் சாரல் அடிக்கும், பாபநாசத்தில் தண்ணீர் ஏறும், உங்கள் முற்றத்தில் ஒரு சொட்டு விழாது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அத்தானின் தேதியை அப்படியே எடுத்துக்கொண்டால், உரம் போட்டாலும் பெரிதாக ஓடாத மாதங்களில் நிறுத்திவிட்டு, அக்டோபர் பிறந்ததும் "தடை முடிந்தது" என்று வீசத் தொடங்குவீர்கள். அதைவிடத் தப்பான நேரம் நம் பக்கம் வேறு இல்லை.

ஆகவே உங்களுக்குத் தடைக்காலம் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்துக்காரர் கேட்டிருந்தால் இரண்டு தடைக்காலம் சொல்லியிருப்பேன். அவர்களுக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. உவரிக்காரருக்குத் தடைக்காலம் என்ற வார்த்தையை நான் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போவதில்லை. மீன் குஞ்சு பொரிக்கிற காலம், அதனால் அந்தத் தேதி. இதுவும் அதே யோசனைதான்: எப்போது போட்டால் கெடுதல் அதிகமோ அப்போது கையைக் கட்டிக்கொள்வது.

உரம் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். இது புரிந்தால் விதியெல்லாம் உங்களுக்கே தோன்றும்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. மண்ணில் விழுந்த யூரியா சில நாளில் அம்மோனியாவாகி, பிறகு நைட்ரேட்டாக மாறும். மண் துகளுக்கும் நைட்ரேட்டுக்கும் ஒட்டுறவு கிடையாது. தண்ணீர் எங்கே போகிறதோ அதுவும் கூடவே போகும். களிமண் என்றால் தண்ணீர் மெதுவாக இறங்கும், வேர் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். உங்கள் ஊர் மணலில் தண்ணீர் நிற்குமா? ஒரு செம்பு ஊற்றினால் திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போகிற மணல் அது. ஃபுளோரிடா மண்ணும் பெரும்பாலும் மணல்தான், அதனால்தான் அங்கே இவ்வளவு கவலை. மேலே ஓடுகிற தண்ணீரை மட்டும் பார்த்து "என் வீட்டிலிருந்து கடலுக்கு ஓடை கிடையாதே" என்று சொல்லிவிடாதீர்கள். மணலுக்கு அடியில் நிலத்தடி நீர் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. வழியில் முதலில் நிற்பது உங்கள் கிணறு.

இந்தக் கிணற்று விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் பச்சைக் குழந்தைகளுக்கு ஆபத்து. நைட்ரேட் கலந்த தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால் ரத்தம் பிராணவாயுவைத் தூக்கிச் செல்கிற வலுவை இழந்து, உடம்பு நீலம் பாரித்துப்போகும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நைட்ரேட் ஆவியாகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். புல்லுக்கு உரம் வீசுகிறவர் கடலைப் பற்றிக் கவலைப்படாவிட்டாலும் பரவாயில்லை, வாளி இறக்குகிற இடத்தைப் பற்றியாவது கவலைப்பட வேண்டாமா?

மணிச்சத்து வேறு ஜாதி. அது மண் துகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரோடு தனியாக ஓடாது, மண் அரித்துப் போனால் மண்ணோடு சேர்ந்து போகும். வயலில் வருஷக்கணக்கில் டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரத்தைப் போட்ட மண்ணில் அது சேர்ந்துகொண்டே இருக்கும். பொதுவாக ஆறு, குளம் என்றால் பாசிக்கு மணிச்சத்துதான் பற்றாக்குறை, அது கிடைத்ததும் பச்சை பிடிக்கும். கடலில் தழைச்சத்து பற்றாக்குறை, அது போய்ச் சேர்ந்ததும் கிளம்பும். அதனால்தான் ஏரிகள் நிறைந்த மின்னசோட்டா மாநிலம் மணிச்சத்தைப் பிடித்தது. 2002-ல் சட்டம் போட்டு, 2005 முதல் மாநிலம் முழுக்கப் புல்தரைக்கு மணிச்சத்து இல்லாத உரம்தான். மூட்டையில் இருக்கிற மூன்று எண்ணும் தழை, மணி, சாம்பல் சத்தின் அளவு. அதில் நடு எண் பூஜ்யம். இங்கே நம் ஆட்கள் புல்லுக்கு 17-17-17 வாங்கி வருகிறார்கள். நடு எண் 17. வேர் பிடித்து வளர்ந்துவிட்ட புல்லுக்கு அவ்வளவு மணிச்சத்து எதற்கு என்று கேட்டால், "கடைக்காரர் கொடுத்தார்" என்பதுதான் பதில்.

பாசி வளர்ந்தால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்பீர்கள். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். உரமும் மண்ணும்தான் எனக்கு முப்பது வருஷச் சோறு. அந்தத் திமிரில், தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், ஐப்பசி முகூர்த்தத்துக்கு முன்னால் புல் கரும்பச்சையாக வேண்டும் என்று கேட்டதும், டி.ஏ.பி.யும் யூரியாவும் கலந்து வீசச் சொன்னேன். எத்தனை கிலோ என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் ராத்திரி மழை. புல்தரை சரிவு முடிகிற இடத்தில் அவர் ஆசையாக வெட்டிய சின்னக் குளம், அதில் கெண்டை விட்டிருந்தார். பத்து நாளில் தண்ணீர் பட்டாணி அரைத்துக் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் விடிகிற நேரத்தில் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தால் அத்தனை கெண்டையும் மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறது. வெயில் ஏறியதும் உள்ளே போய்விட்டன. மறுநாள் விடியலில் பாதி மிதந்தன.

விடியலில் ஏன் என்றால், பகலில் பாசி வெயிலை வாங்கிப் பிராணவாயு விடும், ராத்திரியில் அதுவும் மீனைப் போலவே மூச்சு வாங்கும். விடிகிற நேரத்துக்குத் தண்ணீரில் காற்றே மிச்சமிருக்காது. அப்புறம் அந்தப் பாசி செத்து அடியில் மட்கும்போது இன்னொரு தடவை காற்றைத் தின்னும். மண்டபத்துக்காரர் என்னைத் திட்டவில்லை. "சார், புல்லு நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். அதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

கடலிலும் நடப்பது இதுதான், அளவுதான் பெரிது. கடல் அடியில் கடற்புல் வளர்கிற இடங்களில் பாசி மேலே கூரை போட்டுவிட்டால் வெயில் உள்ளே போகாது. கடற்புல் சாகும். அதைத் தின்கிற கடற்பசு பட்டினி கிடக்கும். ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் இந்தியன் ரிவர் என்ற உப்பங்கழியில் இப்படித்தான் ஆனது. பாசி பெருகிக் கடற்புல் அழிந்து, 2021-ல் அந்த மாநிலம் முழுக்க 1,000-க்கு மேல் கடற்பசுக்கள் செத்தன, பெரும் பங்கு பட்டினியால். அது நம்ம ஆவுளியாவுக்குத் தூரத்துச் சொந்தம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா அறிவித்தார்களே, அந்தத் தீவுகளைச் சுற்றியும் கடற்புல்தான், பவளப்பாறைதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பரிலும் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது. பூங்கோரை என்றார்கள். அதைக் காட்டி "பார், உரத்தால் வந்த வினை" என்று சிலர் பேசுவார்கள். நான் பேச மாட்டேன். கடல் நீரோட்டம், காற்று, அடியிலிருந்து மேலே வருகிற குளிர்ந்த நீர் என்று அதற்குப் பல கைகள் உண்டு. ஃபுளோரிடாவில் கடலைச் சிவப்பாக்குகிற 'ரெட் டைட்' என்ற பாசிப் பெருக்கும் அப்படித்தான், கரைக்கு வெகு தூரத்தில் தானாகத் தொடங்குவது. கரைப்பக்கம் வந்ததும் நாம் விடுகிற சத்து அதற்குத் தீனி ஆகலாம் என்பதுதான் சொல்லத்தக்க அளவு.

அடுத்தது, நீங்கள் கேட்காத கேள்வி. உங்கள் 5 சென்ட் புல்லால்தான் மன்னார் வளைகுடா கெடப்போகிறதா?

கணக்குப் போடுவோம். தாமிரபரணிப் பாசனம் 86,107 ஏக்கர் என்பது பழைய கணக்கு. எல்லாம் நெல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வாழையைக் கழிக்க வேண்டாம். சிபாரிசுப்படி ஏக்கருக்கு 50 கிலோ அளவில் தழைச்சத்து என்றால் ஒரு போகத்துக்கு 43 லட்சம் கிலோ. அதில் கொஞ்சம் பயிர் தின்னும், கொஞ்சம் காற்றில் போகும், மீதி வடிகாலில் இறங்கிக் கடைசியில் மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளைத் தாண்டிப் புன்னைக்காயலில் கடலைப் பார்க்கும். பிசானம் என்கிற மழைக்கால நெல் போகத்துக்கு நடவு முடிந்து மேலுரம் போடுகிற நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வரும், அதுதான் கொடுமை. கூடவே நகரத்துக் கழிவுநீர். பாளையங்கால்வாயிலும் நயினார் குளத்திலும் அமலைச்செடி என்கிற ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பது யார் போட்ட உரத்தில்? நாம் எல்லோரும் போட்டதில்தான், அதுவும் பணம் கொடுத்து வாங்காத உரம்.

உங்கள் வீட்டிலேயே பாருங்கள். ஓர் ஆள் வருஷத்துக்கு இரண்டு மூன்று கிலோ தழைச்சத்தைக் கழிவாக வெளியே விடுகிறார். ஐந்து பேர் என்றால் பத்துப் பன்னிரண்டு கிலோ, செப்டிக் டேங்கிலிருந்து உறிஞ்சுகுழி வழியாக அதே மணலுக்குள். புல்லுக்கு அளவாகப் போட்டால் வருஷத்துக்கு இரண்டு கிலோகூட ஆகாது. ஆனால் உங்கள் தோட்டக்காரர் மாதிரி ஆட்கள் தடவைக்கு 5 கிலோ யூரியா என்று மாதாமாதம் வீசினால்? தடவைக்கு 2.3 கிலோ தழைச்சத்து, வருஷத்துக்கு 27 கிலோவுக்கு மேல். அப்போது உங்கள் புல்தரை குடும்பத்தையே மிஞ்சிவிடும். ஆகவே "என் புல்லால் என்ன ஆகும்" என்ற கேள்விக்குப் பதில் அவர் கை எவ்வளவு தாராளம் என்பதில் இருக்கிறது.

அத்தான் ஊர்ப்பக்கத்துக் கதையிலும் இது உண்டு, அவர் சொல்லியிருக்க மாட்டார். தம்பா விரிகுடா எழுபதுகளில் நாறிக் கிடந்தது. அதை மீட்டது புல்தரை விதி இல்லை. 1972-லும் 1978-லும் போட்ட சட்டங்களால் கழிவுநீரை முழுசாகச் சுத்திகரித்த பிறகே கடலில் விட வேண்டும் என்று ஆக்கி, பெரும் பணம் செலவழித்துச் சுத்திகரிப்பு நிலையங்களை மாற்றினார்கள். கடற்புல் மெல்ல மெல்லத் திரும்பி, ஐம்பதுகளில் இருந்த அளவை 2015 வாக்கில் தொட்டது. பிறகு மறுபடி குறைந்திருக்கிறது, அது வேறு கதை. பெரிய ஓட்டையை அடைத்த பிறகு மிச்சமிருந்த சின்ன ஓட்டைகளில் ஒன்றுதான் புல்தரை. நாம் சின்ன ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டுப் பெரியதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டால் சிரிப்பார்கள்.

அங்கேயும் இந்த விதியில் எல்லோருக்கும் சம்மதம் இல்லை. புல் ஆராய்ச்சிக்காரர்கள் சிலர், கோடைமழையில்தான் புல் வேகமாக வளர்கிறது, அப்போதுதான் சத்தை நன்றாக உறிஞ்சும், அந்த நேரத்தில் பட்டினி போட்டால் புல் மெலிந்து மண் அரிக்கும் என்கிறார்கள். 2023-ல் மாநிலச் சட்டமன்றம், உள்ளாட்சிகள் புதிதாக இப்படித் தடை போடக் கூடாது என்று ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைத்து, ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியது. உரக் கம்பெனிகளுக்கும் இதில் அக்கறை இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. என் எண்ணம்: அவர்கள் சொல்வதில் அறிவியல் உண்டு, ஆனால் அது அளவோடு, பாதுகாப்போடு போடுகிறவனுக்கான அறிவியல். வாளியில் அள்ளிக் கையால் வீசுகிறவனுக்குத் தேதி சொல்லி நிறுத்துவதுதான் விளங்கும். நம் மழை வேறு அவர்கள் மழையைவிட ஒழுங்கு கெட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் ஊற்றியதே! அந்த வாரம் எவர் மண்ணில் என்ன இருந்ததோ அத்தனையும் கடலுக்குத்தான்.

உங்கள் புல்லுக்கு வருகிறேன்.

மேரிலாந்து மாநிலத்தில் 2011-ல் இயற்றி 2013-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. அளவு சொன்னதில் அது தெளிவு. ஒரு தடவைக்கு 1,000 சதுர அடிக்கு 0.9 பவுண்டு தழைச்சத்துக்கு மேல் கூடாது, அதிலும் உடனே கரைகிற வகை 0.7 பவுண்டுக்குள். நம் கணக்குக்கு மாற்றினால் சென்ட்டுக்கு 300 கிராம் யூரியா, அதுவே உச்சவரம்பு. உங்கள் 5 சென்ட்டுக்கு ஒன்றரைக் கிலோ. மணல் என்பதால் அதையும் ஒரே தடவையில் போடாதீர்கள். 750 கிராமாக இரண்டு தவணை, மூன்று வாரம் இடைவெளி விட்டு. ஜனவரிக் கடைசியில் தொடங்கலாம். தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

மெல்லக் கரைகிற உரத்துக்கு நீங்கள் அமெரிக்கா போக வேண்டாம். 2015 முதல் நம் யூரியா எல்லாம் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அது நைட்ரேட்டாக மாறுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். இன்னும் இழுக்க வேண்டுமென்றால் நெல்லுக்குச் செய்கிற பழைய முறை: யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம்பிண்ணாக்கு 1 பங்கு, பிசறி ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள் போடுவது. பிண்ணாக்கைத் தூளாக்கிச் சலித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். வாடை இரண்டு நாள் இருக்கும், வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொழு உரமும் மண்புழு உரமும் இயற்கைதானே, எவ்வளவு போட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். மணலுக்கு அது நல்லது, ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் கார்த்திகை மழைக்கு முன்னால் ஒரு டிராக்டர் சாணியைக் கொட்டிப் பரப்பினால், பாசிக்கு அது மாட்டுச் சத்து, இது கம்பெனிச் சத்து என்று தெரியாது. தடைக்காலம் அதற்கும் சேர்த்துத்தான்.

மணிச்சத்து: மண் பரிசோதனை செய்யாமல் வாங்காதீர்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் சொற்பக் கட்டணம்தான். புல்லில் நாலைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோ நிழலில் உலர்த்திக் கொண்டுபோனால் போதும். உரம் போட்ட கையோடு எடுக்காதீர்கள்.

வெட்டிய புல்லை என்ன செய்கிறீர்கள்? தெருவில் தள்ளி எரிக்கிறார்கள் அல்லது வாறுகாலில் போடுகிறார்கள். அதிலும் நீங்கள் காசு கொடுத்துப் போட்ட தழைச்சத்துதான் இருக்கிறது. பொடியாக வெட்டினால் அப்படியே தரையில் விடுங்கள், நீளமாக இருந்தால் தென்னை மூட்டில் போடுங்கள். உரச் செலவே குறைந்துவிடும். தண்ணீரும் அப்படித்தான். மணலில் நனையும் வரை விட்டால் போதும், குளம் கட்டினால் உரத்தை நீங்களே கீழே தள்ளுகிறீர்கள். உவரிப் பக்கம் நல்ல தண்ணீருக்கு இருக்கிற பாட்டில், புல்லுக்கு இவ்வளவு ஊற்றுவது சரியா என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்.

சட்டம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டதற்கு, மேலிருந்து வருவதற்குக் காத்திருக்க வேண்டாம் என்பேன். சாரசோட்டாவில் தொடங்கியதும் கீழிருந்துதான். அக்டோபர் 2-ம் தேதி கிராம சபை இருக்கிறது, மழைக்குச் சரியாக முன்னால். உவரி, கூடுதாழை, கூட்டப்பனை, இடிந்தகரை என்று கடற்கரை ஊர்களுக்கான ஊராட்சிகளில் ஒரு தீர்மானம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை புல்தரைக்கும் பூங்காவுக்கும் உரம் இல்லை, வாய்க்கால் ஓரம் பத்தடி விடுவது, உரக்கடைக்காரர் அந்த மூன்று மாதம் புல்லுக்கென்று கேட்பவருக்குக் கொடுக்காமல் இருப்பது. தீர்மானத்தை வைத்து அபராதம் போட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் பெரிய புல்தரை வைத்திருப்பது யார்? ரிசார்ட், மண்டபம், கல்லூரி. ஊர் தீர்மானம் போட்டிருக்கிறது என்றால் அவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். வயலை இதில் இழுக்காதீர்கள். விவசாயி வயிற்றுப்பாட்டுக்குப் போடுகிறார், அவருக்கு வேறு பேச்சு, வேறு நாள். அதே கூட்டத்தில் செப்டிக் டேங்க் லாரி எங்கே கொட்டுகிறது என்றும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். நம்பியாற்று முகத்துவாரத்துப் பக்கமெல்லாம் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக, வீட்டுக்குப் பின்னால் கடல் பார்த்த பக்கம் இன்னும் 3 சென்ட் சும்மா கிடக்கிறது, அங்கேயும் புல் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அங்கே ஊதாப்பூவோடு அடும்பு படர்ந்திருக்கும், அல்லது நீங்கள் வீடு கட்டும்போது ஜே.சி.பி. வைத்து வழித்திருப்பீர்கள். வழித்திருந்தால் கடற்கரையிலிருந்து நாலு கொடியை வெட்டி வந்து கணு மண்ணுக்குள் இருக்கிற மாதிரி ஊன்றிவிடுங்கள். மழைக்கு முன்னால் ஊன்ற இதுதான் நேரம். உப்புக் காற்றும் தாங்கும், மணலையும் பிடிக்கும். தோட்டக்காரர் யூரியா கேட்டால், இதற்குப் போடத் தேவையில்லை என்று சொல்லுங்கள்.